வால் வராத மீன்

தொட்டியம்பாளையத்து ஊர்க்குளத்தில் நாச்சிமுத்துவும் அவருடைய பேத்தியும் சேர்ந்து பிடித்த மீனின் வால் கரையேற ஒரு கோடைகாலம் முழுக்கத் தேவைப்பட்டது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்கள் ஊரில் மீன்கள் எல்லாம் ஒரே இழுப்பில் வந்துவிடுகின்றன போலிருக்கிறது, எங்கள் ஊரில் அந்த ஒரு வருஷம் அப்படி வரவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

நாச்சிமுத்து முப்பது வருஷத்துக்கு மேல் ராத்திரி பஸ் ஓட்டியவர். பொழுது சாயும்போது கிளம்பிப் போய், விடியும்போது வந்து சேர்ந்து, பகல் முழுக்கப் போர்வையை இழுத்து மூடித் தூங்கியே ஒரே மகள் சுகந்தியை வளர்த்தார், படிக்க வைத்தார், கட்டியும் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் படம் வரையச் சொன்னால் சுகந்தி ஒரு போர்வையை வரைந்து, அதன் அடியில் இரண்டு பாதங்களைப் போட்டுவிட்டு வருவாள், டீச்சரும் சரி என்று போட்டுக் கொடுத்துவிடுவார். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் கண்ணை விழித்துப் பார்த்த நாச்சிமுத்து, பகல் என்று ஒன்று இத்தனை நீளத்துக்குக் கிடப்பதைக் கண்டு திகைத்துப் போனார். மனைவி போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன, சீட்டாடத் தெரியாது, டீக்கடை அரசியல் பிடிக்காது, இந்தப் பகலை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்னதான் செய்வது?

அந்தச் சமயம் பார்த்து மருமகன் தினகரனுக்குக் கனடாவில் வேலை கிடைத்து அவர் மட்டும் முதலில் போக, விசா வரும்வரை அப்பா வீட்டில் இருக்கலாம் என்று சுகந்தி மகளை அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். பேத்தியின் பெயர் தன்ஷிகா. மூன்றாம் வகுப்பு. எங்கள் ஊர் அந்தப் பெயரை இரண்டு நாள் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, தனம் என்று சுருக்கிக்கொண்டது.

தனத்திடம் ஒரு குணம் உண்டு. யார் எந்தப் பெருமை பேசினாலும் நன்றாகக் கேட்டுக்கொண்டு, கடைசியில் "காட்டுங்க" என்பாள். வேலை கிடைப்பதற்கு முன்னால் ஊர்க்குளத்தில் தான் மீன் பிடித்த கதையை நாச்சிமுத்து ஒருநாள் கையை அகலமாக விரித்துச் சொல்ல, அவள் "காட்டுங்க அப்பச்சி" என்றாள். அவருடைய பழைய தூண்டில்கோல் வீட்டில் கொசுவலைக்குக் கம்பாக நின்றிருந்தது. அவர் அதை உருவிக்கொண்டு போன அன்று, மத்தியானம் கண்ணயர்ந்த சுகந்தியின் முகத்தில் கொசுவலை மொத்தமாக வந்து விழுந்தது.

குளக்கரையில் போய் உட்கார்ந்த பிறகுதான் நாச்சிமுத்துவுக்கு இன்னொன்று தெரிந்தது. மண்புழுவைத் தொட அவருக்கு இப்போது அருவருப்பாக இருந்தது. அந்தக் காலத்தில் எப்படித் தொட்டோம் என்று யோசித்தார், ஞாபகம் வரவில்லை.

"நீங்க கண்ண மூடிக்குங்க அப்பச்சி, நானு கோக்கறேன்" என்றாள் தனம்.

அவர் மூடிக்கொண்டார். அதன்பிறகு லீவு நாளெல்லாம் அவர்கள் குளக்கரையில்தான் இருந்தார்கள், அவள் புழுவைக் கோப்பதும் அவர் கண்ணை மூடுவதும் ஒழுங்காக நடந்தது, மீன் மட்டும் ஒன்றும் வரவில்லை. ஒருமுறை ஒற்றைச் செருப்பு வந்தது, ஒருமுறை யாரோ கோபத்தில் எறிந்த சாவிக்கொத்து வந்தது, அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்த வீட்டில் பழைய சண்டை மறுபடி ஆரம்பித்தது. நாச்சிமுத்து அதைப்பற்றியெல்லாம் கவலைப்படவில்லை, அவருக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. பகலுக்கு வைத்தியம் கண்டுபிடித்துவிட்டார்.

பிறகு விசா வந்தது. டிக்கெட்டும் வந்தது. நாச்சிமுத்து காலையில் தின்கிற இட்லியை நான்கிலிருந்து இரண்டாகக் குறைத்துக்கொண்டார். விமானத்துக்கு இன்னும் சில நாள் இருக்கும்போது, கடைசியாக ஒருதரம் போய் வருகிறோம் என்று சொல்லிவிட்டு இருவரும் தூண்டிலோடு போனார்கள், போட்ட சற்று நேரத்தில் தூண்டில் நரம்பு விறைத்தது, கோலை அவர் ஒரு கையாலும் அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள், மீன் தலையை வெளியே நீட்டியது.

இங்கே எங்கள் ஊர்க் கட்டு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யாருடைய தூண்டிலில் மீன் மாட்டியதோ அவரை, அந்த மீனின் வால் கரையேறும்வரை யாரும் அழைத்துக்கொண்டு போகக் கூடாது. அது எதற்காக என்று யாருக்கும் தெரியாது, கேட்பதும் மரியாதை இல்லை. முன்னொரு காலத்தில் ஒரு மாப்பிள்ளை முகூர்த்தத்தன்று காலையில் சும்மா இருக்காமல் தூண்டில் போட்டு, மாட்டிய மீன் ஒரு பாறை இடுக்கில் போய்ப் புகுந்துகொள்ள, அருமைக்காரர் முழங்கால் தண்ணீரில் நின்றுதான் அந்தக் கல்யாணத்தை நடத்திவைத்தார் என்பார்கள். தாலி கட்டும்போது மாப்பிள்ளை கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டானாம். மாட்டியவர் தவிர வேறு யாரும் தண்ணீருக்குள் கைவைத்து இழுக்கவும் கூடாது, கரையேறிய பகுதியை யார் வேண்டுமானாலும் தூக்கலாம். வால் வந்த பிறகு, மீனைப் பங்கு போடுவதா தண்ணீரில் விடுவதா என்று பிடித்தவர் சொல்வதுதான் முடிவு. பங்கு போட்டால் நடுத்துண்டு ஊர்த்தலைவருக்குப் போகும்.

தலை வந்தது என்றேனா, பின்னாலேயே உடம்பும் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. பருமன் என்று பார்த்தால் ஒரு ஆள் இரண்டு கையாலும் அணைக்கிற பருமன்தான், செதில்கள் நல்ல வெள்ளித் தட்டு நிறத்தில் இருந்தன, முகம் விரால் முகம் மாதிரி இருந்தது, ஆனாலும் இது விரால்தான் என்று யாரும் துணிந்து சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் தலை பிள்ளையார் கோவிலைத் தொட்டது. பொழுது சாய்வதற்குள் ரேஷன் கடையைத் தாண்டியது. ஆட்கள் தோள் கொடுத்துத் தூக்கித் தூக்கி முன்னே போனார்கள், தலையை ஒரு அண்டாத் தண்ணீரில் வைத்து, அண்டாவைத் தள்ளுவண்டியில் வைத்து, கோலையும் நரம்பையும் பக்கத்திலேயே கிடத்தி உருட்டினார்கள், குளத்தில் பேத்தியும் அப்பச்சியும் இழுத்துக்கொண்டே இருந்தார்கள்.

சுகந்தி கரையில் வந்து நின்றாள். அவளும் இந்த ஊரில் பிறந்தவள்தான்.

"ஏனுங்ப்பா, எப்ப முடியும்?"

"அது மீனத்தான் கேக்கோணும் சாமி."

அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கனடாவுக்குப் போன் போட்டாள். டிக்கெட்டைத் தள்ளிப்போட வேண்டும், மீன் இன்னும் முடியவில்லை என்றாள். தினகரன் பக்கத்து ஊர்க்காரர், கட்டுப்பாடு தெரிந்தவர், அவர் கேட்டதெல்லாம் "வால் கண்ணுக்குத் தெரியுதா?" என்பதுதான்.

அன்று ராத்திரி நாச்சிமுத்து ஆறு இட்லி தின்றார்.

ஒரு வாரத்துக்குள் மீன் எங்கள் ஊரின் எல்லாத் தெருக்களிலும் இருந்தது. காளியம்மன் கோவில் வீதியில் நுழைந்து, பள்ளிக்கூடத்தைச் சுற்றி, வடக்குத் தெருவில் ஏறித் தெற்குத் தெருவில் இறங்கி, கடைசியில் தலை ஊருக்கு அந்தப்பக்கம் ஓடுகிற கீழ்வாய்க்காலின் கரைக்குப் போய்ச் சேர்ந்தது, அங்கே ஒரு புங்கமரத்து நிழலில் அண்டாவை இறக்கி வைத்தார்கள், அதற்குமேல் வந்த உடம்பு குளக்கரையிலேயே சுருள் சுருளாகச் சேர்ந்தது. காயக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வாசலுக்கு நேரே இருக்கிற மீனுக்கு ஈரக் கோணிச்சாக்கைப் போர்த்தித் தண்ணீர் தெளித்தார்கள். முதலில் முணுமுணுத்துக்கொண்டுதான் தெளித்தார்கள். பிறகு "எங்கூட்டு மீனு" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். இரண்டு வீட்டுக்கு நடுவிலிருந்த ஒரு செதில் யாருக்குச் சொந்தம் என்பதில் அண்ணனும் தம்பியும் பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். வெயில் தாளாத பெரியவர்கள் மீனில் முதுகைச் சாய்த்து மத்தியானத்தில் தூங்கினார்கள், பிள்ளைகள் அதன்மேல் புத்தகத்தை வைத்துப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள், மாமியாரிடம் கோபித்துக்கொண்ட மருமகள்கள் மீனைப் பார்த்துச் சொல்கிற மாதிரி மாமியாருக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள்.

கால்நடை டாக்டர் வந்து குழாயை வைத்துப் பல இடங்களில் கேட்டார். தலைமாட்டில் கேட்ட துடிப்பு பள்ளிக்கூடத்தருகே சற்றுத் தாமதமாகவும், காளியம்மன் கோவிலருகே இன்னும் தாமதமாகவும் வந்து சேர்வதாகச் சொல்லி, நல்ல ஆரோக்கியம்தான் என்று ஒரு சத்து மருந்தும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். டிவிக்காரர்கள் வந்தார்கள். எங்கே நின்று எடுத்தாலும் படத்தில் மீன் முழுசாக அடங்கவில்லை, ஒரு சுவர் ஓரத்தில் சாக்கு மூட்டை கிடப்பது போலத்தான் தெரிந்தது, சலித்துப்போய் இளநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இத்தனை அன்பு இருந்தாலும் மசாலா அரைப்பதை யாரும் நிறுத்தவில்லை. நாளைக்கு வால் வந்துவிடும் என்று தினமும் மல்லி வறுத்தார்கள், தேங்காய் துருவினார்கள், தினமும் வராமல் போனது. எல்லோரையும்விடத் தவித்தவர் ஊர்த்தலைவர் கருப்பண்ணன். நடுத்துண்டு அவருக்குத்தானே? ஆனால் வால் வராத மீனுக்கு நடு எது? மீன் வளர வளர நடுவும் தினம் ஒரு வாசலுக்கு நகர்ந்துகொண்டே போனது. இன்றைக்கு யார் வாசலில் தன் பங்கு கிடக்கிறதோ அந்த வீட்டுக்குக் காலையில் போய், சாக்கைத் தூக்கிப் பார்த்து, நன்றாகத் தண்ணீர் விடச் சொல்லி அதட்டிவிட்டு வருவார், மறுநாள் அது வேறு வீடாகிவிடும், அதட்டு வாங்கியவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாகிவிடும்.

"ஏப்பா நாச்சிமுத்து, நீ இழுக்கறயா, இல்ல தடவிக் குடுத்துட்டு உக்காந்துட்டு இருக்கறயா?" என்று கேட்டவள் டீக்கடைப் பழனாத்தாள். அறுபத்தைந்து வயதுக்காரி, அவள் கடை வாசலிலும் மீன் கிடந்தது, அதனால் கேட்க உரிமை இருந்தது.

"இழுத்துட்டுத்தானுங்க்கா இருக்கறேன். வந்துட்டே இருக்குதே."

அவர் சொன்னது அப்போதைக்கு உண்மைதான். பேத்தியும் அவரும் காலையில் வந்து தண்ணீரில் இறங்குவார்கள், ஏலேலோ என்று அவள் சொல்ல அவர் இழுப்பார், அவர் சொல்ல அவள் இழுப்பாள், நடுவில் தண்ணீரில் விளையாடுவார்கள், தூக்குப்போசியில் வந்த சோற்றைத் தின்பார்கள். சாயங்காலம் தனம் வாய்க்கால் கரைக்கு ஓடிப்போய் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீனின் தலையோடு பேசிவிட்டு வருவாள். என்ன பேசுகிறாய் என்று கேட்டால், "அதுகிட்டச் சொன்னதெல்லாம் உங்ககிட்டச் சொல்ல முடியுமா?" என்பாள்.

ஆனி மாதத்தில் ஒருநாள் காலை இழுத்துக்கொண்டிருக்கும்போது நாச்சிமுத்துவின் கைக்கு உடம்பு மெலிந்து வந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தார், இன்னும் மெலிந்தது, தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினார். விரலில் வால் பட்டது. அத்தனை பெரிய மீனுக்கு ஒரு வெற்றிலை அளவுதான் வால். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வலது காலைத் தூக்கி அதன்மேல் மெதுவாக வைத்தார். வைத்துக்கொண்டு, "ஐயோ, இடுப்புப் புடிச்சிருச்சு" என்று கத்தினார்.

அன்றிலிருந்து நாச்சிமுத்து குளத்தைவிட்டு நகரவில்லை. பொழுது விடிந்ததும் தண்ணீரில் வந்து நின்றுகொள்வார், இடுப்பு சரியாகட்டும், இழுக்கிறேன் என்பார். அங்கேயே டீ, அங்கேயே சோறு, அங்கேயே வெற்றிலை பாக்கு. பொழுது சாய்ந்தால் மேல்துண்டால் வாலைத் தண்ணீருக்குள் இருந்த ஒரு கல்லோடு சேர்த்துக் கட்டிவிட்டு வீட்டுக்கு வருவார், மறுநாள் வந்து அவிழ்த்துக் காலடியில் வைத்துக்கொள்வார். இடுப்பு வலியோடும் மனுஷன் மீனைக் காவல் காக்கிறான் பார் என்று ஊர் அவரை மெச்சியது. தைலம் கொடுத்தார்கள். ஒத்தடத்துக்கு உப்பு கொடுத்தார்கள். மெச்சாதவள் பழனாத்தாள் ஒருத்திதான்.

"இடுப்புப் புடிச்சவன் கட்டில்ல கெடப்பானா, கொளத்துல நிப்பானா? இவன் எதையோ மிதிச்சுட்டு நிக்கறான்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அவள் எல்லோரைப்பற்றியும் எதையாவது சொல்கிறவள் என்பதால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சுகந்தி மறுபடி டிக்கெட்டைத் தள்ளிப்போட்டாள். கனடாவில் பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, இடம் போய்விடும் என்று அவள் அழுதது நாச்சிமுத்துவுக்குச் சுவர் தாண்டிக் கேட்டது. அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். வயசான மனுஷன் ஒருவன் ஒரு குழந்தையின் பயணத்தைக் காலால் மிதித்துக்கொண்டு நிற்கிறான், இது தப்பு என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் நின்றார். விட்டால் அவள் போய்விடுவாள், போனால் எப்போது வருவாளோ, வரும்போது புழுவைத் தொட அவளுக்கும் அருவருப்பாகிவிட்டிருக்கும்.

ஒருநாள் முற்பகலில் தனம் அவருக்குப் பக்கத்தில் தண்ணீரில் வந்து நின்றாள்.

"கால் வலிக்குதுங்களா அப்பச்சி?"

"இல்ல கண்ணு. இடுப்புத்தான்."

"மீனுக்கு வலிக்குதாமா."

"எங்கயாமா?"

"வால்ல."

நாச்சிமுத்து வாய்க்குள் இருந்த வெற்றிலையை அப்படியே விழுங்கிவிட்டார். புரையேறியது. அவள் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

"உனக்கு எப்பச் சாமி தெரியும்?"

"அன்னைக்கேதான். நானும்தானே இழுத்தேன்? எங்கைக்குத்தான் மொதல்லத் தட்டுச்சு."

"ஏன் சொல்லல?"

"நீங்க அழுவீங்கன்னு."

அப்புறம் அவளே அழுதாள். சத்தம் போடாமல், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். "எனக்கு அப்பாவப் பாக்கோணும். போன்ல வந்தா அவரு மூஞ்சி அப்படியே நின்னுக்குது, பேச்சு மட்டும் அப்பறமா வருது. நாஞ்சிரிச்சா அவரு சிரிக்கவே மாட்டீங்கறாரு, நாஞ்சிரிச்சு முடிச்சப்பறந்தான் சிரிக்கறாரு. உங்களையும் பாக்கோணும். எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல அப்பச்சி."

அப்பா வீட்டில் இருந்தும் இல்லாத பெண் ஒருத்தியை நாச்சிமுத்து ஏற்கனவே ஒருமுறை வளர்த்திருந்தார். அதே மாதிரி இன்னொருத்தியை வளர்க்க அவருக்கு மனசு வரவில்லை. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார், மூன்றாம் வகுப்புப் பிள்ளை, நல்ல கனம், இடுப்பு உண்மையாகவே பிடித்துக்கொண்டது. காலை எடுத்தார்.

"வால் வந்துருச்சு!" என்று அவள்தான் கத்தினாள். அந்தக் கத்தல் மீனை ஒட்டியே போயிற்று. குளக்கரை வீட்டுக்காரி பிள்ளையார் கோவிலுக்குச் சொல்ல, கோவிலில் இருந்தவர் ரேஷன் கடைக்குச் சொல்ல, தெருத்தெருவாகப் போய்ப் புங்கமரத்தடியில் அண்டாவுக்குக் காவல் இருந்தவன்வரை போய்ச் சேர்ந்தது. அம்மிகள் ஓடின. கருப்பண்ணன் நிலம் அளக்கிற சங்கிலியோடு வந்தார், இரண்டு ஆட்களை வைத்துத் தலையிலிருந்து வால்வரை அளந்து, சரிபாதியைக் குறித்துக்கொண்டு போய்ப் பார்த்தால், நடு பழனாத்தாளின் டீக்கடை வாசலில் இருந்தது. பழனாத்தாள் அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் கடையில் வெங்காயம் அரிகிற கத்தி இருந்தது.

"நானு தண்ணி ஊத்துன மீனு இது. நானு பேசிப் பேசி வளத்துன மீனு. எவனாச்சும் கைய வெச்சுப் பாருங்க."

"அக்கா, கட்டுன்னு ஒண்ணு இருக்குதுங்களே" என்றார் தலைவர்.

"கட்டு என்ன சொல்லுது? புடிச்சவிய சொல்றதுதான் முடிவுன்னு சொல்லுது. அந்தப் புள்ளையக் கூப்புடு, கேளு."

ஊர் முழுக்கத் தனத்தைப் பார்த்தது. தனம் அப்பச்சியைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். "வுட்டர்லாம்" என்றாள்.

அட, இத்தனை நாள் காத்திருந்து கடைசியில் இப்படியா என்று எல்லோரும் உரக்கச் சலித்துக்கொண்டார்கள். ஆனால் வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொருவரும் தன் வாசல் மீனை ஒருமுறை தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். அரைத்த மசாலாவை என்ன செய்வது? அன்று எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் முட்டைக் குழம்பு.

மறுநாள் வாய்க்கால் கரையில் தனமே மீனின் வாயிலிருந்து தூண்டில் முள்ளை எடுத்தாள். அதற்கு வலித்ததாகத் தெரியவில்லை. தலை தண்ணீரில் இறங்கியது, பின்னால் உடம்பு நகர ஆரம்பித்தது. பகலும் ராத்திரியுமாக நகர்ந்துகொண்டே இருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் வாசலில் பாயைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். தன் வீட்டு மீன் போய், பக்கத்து வீட்டு மீன் வந்து, அடுத்த தெரு மீன் வந்து, யாரென்றே தெரியாதவர்களுடைய மீனெல்லாம் தங்கள் வாசல் வழியாகப் போவதைப் பார்த்தார்கள். சண்டைக்குக் காரணமாயிருந்த செதில் தாண்டிப் போனபோது அண்ணனும் தம்பியும் சேர்ந்தே எழுந்து நின்றார்கள். யாரோ ஒருத்தி தேங்காய் உடைத்தாள். பழனாத்தாள் கடைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை, வெங்காயம் அரிகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

டிக்கெட் கிடைத்தது வியாழக்கிழமைக்கு. அன்று முற்பகலில் கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குப் போக வாடகைக் கார் வந்து, பெட்டிகளை ஏற்றி, சுகந்தியும் தனமும் ஏறிக்கொண்டார்கள். நாச்சிமுத்து வீட்டில் இல்லை. வழியனுப்ப மனசில்லாமல் எங்கேயோ போய்விட்டார் என்று நினைத்த சுகந்தி கார்க் கதவைச் சாத்தினாள். கார் வாய்க்கால் பாலத்தருகே வந்து நின்றுவிட்டது. ரோட்டுக்குக் குறுக்கே மீன் இன்னும் போய்க்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரமுங்க ஆகும்?" என்றார் டிரைவர். அவர் வெளியூர்.

"வால் வரைக்கும்" என்றாள் தனம்.

வால் வந்தது, நாச்சிமுத்துவோடு சேர்ந்து வந்தது. விடிகாலையில் குளக்கரைச் சுருளெல்லாம் தீர்ந்து வால் நகரத் தொடங்கியபோது அவர் அதைப் பிடித்தார், விட முடியவில்லை, அப்படியே கூடவே வந்துவிட்டார். பள்ளிக்கூடத்தைச் சுற்றி, வடக்குத் தெருவில் ஏறி, தெற்குத் தெருவில் இறங்கி, சில இடத்தில் நடந்து, சில இடத்தில் ஓடி, ஒரு சாக்கடைத் திருப்பத்தில் விழுந்து எழுந்து, "பாத்துப் போங்க, பாத்துப் போங்க" என்று வாசலுக்கு வாசல் ஆட்கள் குரல் கொடுக்க, வேட்டியெல்லாம் சேறும் செதிலுமாக வந்து சேர்ந்தார். தனம் காரிலிருந்து குதித்து ஓடிப்போய் அவரோடு வாலைப் பிடித்துக்கொண்டாள். மீன் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தது, பிறகு நின்றது.

"வுட்டுருங்க அப்பச்சி."

"நீ மொதல்ல வுடு கண்ணு."

"நீங்கதான் பெரியவரு."

"ரெண்டு பேரும் ஒண்ணாவே வுட்டர்லாம். மூணு எண்ணுவம்."

எண்ணினார்கள். இருவரும் விடவில்லை. "நீங்க ஏமாத்தறீங்க" என்றாள் அவள். "ஆமா சாமி" என்றார் அவர். மறுபடி எண்ணினார்கள். இந்த முறை அவளும் ஏமாற்றினாள்.

டிரைவர் ஹாரன் அடித்தார். சுகந்தி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, திட்டுவதற்கென்றே கதவைத் திறந்து இறங்கி வந்தாள். வந்தவள் சேற்றில் நிற்கிற அப்பாவைப் பார்த்தாள், நல்ல வெளிச்சத்தில், கண் திறந்திருக்கிற அப்பா. புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கினாள், அந்த வெற்றிலை அளவு வாலில் இடம் தேடி, அப்பாவின் கைக்கும் மகளின் கைக்கும் நடுவில் தன் கையை வைத்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் எண்ணுனா ஆகாது. நானு எண்ணறேன்" என்றாள்.

"ஒண்ணு" என்றாள். "ரெண்டு" என்றாள்.

ரெண்டு என்று சொல்லிவிட்டு நின்றாள். டிரைவர் காரை அணைத்துவிட்டு இறங்கி வந்து, சற்று நின்று பார்த்துவிட்டு, பாலத்துச் சுவரில் போய் உட்கார்ந்தார். கடையிலிருந்து அவருக்கு டீ வந்தது, குடித்தார், கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார், இன்னொன்று வந்தது, அதையும் குடித்தார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வாலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், மீன் அவசரப்படவில்லை.

அப்புறம் அவள் மூணு என்றாள்.